நீதிபதிக்கு உதவியாளர் வேணுமாம்... எங்க தெருவுக்குச் சொன்னீங்களா?

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். டேமேஜர் கண்ணுல படாம ஒரு பதிவு தேத்தறதுக்குள்ள தாவு தீர்ந்துடுது. இது வழக்கமா நான் போடற மொக்கை சினிமா விமர்சனம் இல்ல, கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பொறுமை இருக்கிறவங்க மேல படிங்க. இல்லாதவங்க நேரா பி.கு.வுக்குப் போயிடலாம் :-)

நான் இருக்கிறது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதியார் நகர்ங்கிறதோட சுருக்கம் அது. ஆனா மெட்ராஸ்ல பாதிப் பேருக்கு அந்த மூணு எழுத்துக்கு விரிவாக்கம் தெரியாது. "வியாசர்பாடி பக்கம்"னு சொன்னா உடனே தெரியும். தெரிஞ்ச அடுத்த செகண்டே ஒரு மாதிரி பார்ப்பாங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானே "பெரம்பூர்ங்க"ன்னு சொல்லிச் சமாளிச்சவன்தான். இப்ப அந்த வெக்கமெல்லாம் போயிடுச்சு.

எங்க பிளாக்ல ரெண்டாவது மாடியில ஒரு தங்கச்சி. அப்பா ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டறவர். வீட்ல முதல் பட்டதாரி. படிச்சது சட்டம். எந்தக் கல்லூரின்னு வேண்டாமே. தெருவுல எல்லாரும் "வக்கீலம்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க. பக்கத்து வீட்டு அட்வான்ஸ் தகராறுல இருந்து ரேஷன் கார்டு பேர் நீக்கம் வரைக்கும் அது கிட்டதான் பஞ்சாயத்து வரும்.

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. கதவைத் தட்டிச்சு. கையில போன்.

"ண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்கண்ணா. யாரோ குரூப்ல போட்டிருக்காங்க. இது உண்மையா, டுபாக்கூரா?"

வாங்கிப் பார்த்தேன். உச்ச நீதிமன்றம். சட்ட எழுத்தர் மற்றும் ஆய்வு உதவியாளர் பணி. ஒப்பந்த அடிப்படை. சுமார் 90 இடம். மாசம் 80,000 ரூபாய். வயசு 20ல இருந்து 32 வரைக்கும். படிப்பை முடிச்சிருக்கணும்னு அவசியமில்ல, கடைசி வருஷ மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், வேலையில சேரும்போது பாஸ் பண்ணின சான்றிதழ் காட்டினாப் போதும். நாடு முழுக்க 23 நகரத்துல தேர்வு, அதுல சென்னையும் உண்டு.

எனக்கே முதல்ல டுபாக்கூர்னுதான் தோணிச்சு. படிக்கிற பிள்ளைக்கு 80,000மா? நான் இஞ்சினியரிங் முடிச்சு வாங்கின முதல் சம்பளத்தை இங்க சொன்னா சிரிப்பீங்க. நீதிமன்றத்தோட சொந்தத் தளத்துல போய்ப் பார்த்தா, உண்மைதான். விண்ணப்பம் திறந்தது ஜனவரி 14, பொங்கல் அன்னிக்கு. மூடறது பிப்ரவரி 7. அதாவது இன்னும் ரெண்டு நாள்.

"உனக்கு யாரும் சொல்லலையா?"

"இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே பேசிக் கேட்டதில்லண்ணா."

இந்தப் பதிவுக்குக் காரணம் அந்த ஒரு வரிதான்.

சட்டம் தெரியாத நம்ம பொட்டி தட்டற கூட்டத்துக்கு முதல்ல இந்த வேலை என்னன்னு சொல்லிடறேன். "கிளார்க்"னதும் ரிஜிஸ்டர்ல சீல் குத்தற வேலைன்னு நினைச்சுடாதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். நாளைக்கு நீதிபதி முன்னாடி வரப்போற வழக்குக் கட்டுகளை இன்னிக்கே படிச்சு, என்ன கேக்கறாங்க, கீழ் கோர்ட்டு என்ன சொல்லிச்சு, சிக்கல் எங்க இருக்குன்னு சுருக்கமா எழுதிக் கொடுக்கணும். அதே மாதிரி கேள்வியில முன்னாடி வந்த தீர்ப்புகளைத் தேடி எடுக்கணும். தீர்ப்பு எழுதும்போது மேற்கோளும் எண்ணும் சரியான்னு பார்க்கணும். முடிவு எடுக்கறது நீதிபதிதான். ஆனா அவர் பக்கத்துல உட்கார்ந்து அந்த முடிவு எப்படி உருவாகுதுன்னு பார்க்கிற வாய்ப்பு 24 வயசுப் பிள்ளைக்குக் கிடைக்குது. வேற எந்தத் தொழில்ல இது நடக்கும்? நம்ம ஆபீஸ்ல நாலு வருஷம் ஆணி புடுங்கினாலும் ஆர்க்கிடெக்ட் மீட்டிங்குக்குள்ள விட மாட்டாங்க.

இந்தப் பழக்கம் அமெரிக்காவுல இருந்து வந்தது. ஹொரேஸ் கிரேன்னு ஒரு நீதிபதி, 1882ல அந்த ஊர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தப்ப, ஹார்வர்டுல சட்டம் முடிச்ச பையனை உதவியாளரா வெச்சுக்கிட்டார். சம்பளம் தன் சொந்தக் காசு. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் பணம் ஒதுக்க ஆரம்பிச்சுது. இன்னிக்கு அந்த நீதிமன்றத்துல இருக்கிற 9 நீதிபதிகள்ல 6 பேர் சின்ன வயசுல அதே நீதிமன்றத்துல இந்த உதவியாளர் வேலை பார்த்தவங்க. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸே ரென்குவிஸ்ட் கிட்ட இருந்தவர்தான். நல்லா கவனிங்க. உதவியாளர் நாற்காலியில யாரு உட்கார்றாங்களோ, அவங்கள்ல இருந்துதான் பெரிய நாற்காலிக்கு ஆள் போறாங்க. முதல்லயே ஹார்வர்டு பையன். அந்தப் பழக்கம் அந்த ஊர்லயும் இன்னும் முழுசா விடல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

அன்னிக்கு ராத்திரி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். போட்டோ இத்தனை கேபிக்குள்ள இருக்கணும், கையெழுத்து இத்தனை கேபிக்குள்ள இருக்கணும்னு வழக்கமான இம்சை. அதெல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன். ஆனா தங்கச்சி பட்டனை அழுத்தவே இல்ல.

"ண்ணா, இதுக்கெல்லாம் நேஷனல் லா ஸ்கூல் பிள்ளைங்கதான் வருவாங்க. சும்மா காசு கட்டிட்டு எதுக்கு?"

"எழுதிப் பார்த்தாதானே தெரியும்."

"பாஸ் பண்ணிட்டா அதைவிடப் பிரச்சினை. டெல்லிக்கு அனுப்ப மாட்டாரு அப்பா."

தோத்துடுவோமோன்னு ஒரு பயம், ஜெயிச்சுட்டா என்ன பண்றதுன்னு இன்னொரு பயம். ரெண்டாவதுதான் பெரிய பயம். அது என்னன்னு எங்க ஏரியா பிள்ளைங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஒரு வழியா சமாதானம் பண்ணி அனுப்ப வெச்சேன். கைவசம் இருந்தது ஒரு மாசம். கமிஷன் கேக்காம பயிற்சி கொடுக்க நமக்கு ஒரு ஆள் கிடைச்சார்: இணையம். தீர்ப்புகளைத் தேட பெரிய பெரிய கட்டணத் தளங்கள் இருக்கு, எல்லாக் கல்லூரியிலயும் அதுக்குச் சந்தா கிடையாது. ஆனா 'இந்தியன் கானூன்' தளம் இலவசம். 2008ல அதை ஆரம்பிச்சவர் சுஷாந்த் சின்ஹா, நம்ம மாதிரி கம்ப்யூட்டர்காரர், வக்கீல் இல்ல (காலரைத் தூக்கி விட்டுக்கறேன்). 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றமே தன்னோட தீர்ப்புத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். பேர்ல இலவசமாத் திறந்து விட்டுச்சு. ஆக, புத்தகம் வாங்கக் காசில்லங்கிற பழைய தடை கொஞ்சம் உடைஞ்சிருக்கு. மார்ச் 9, ஞாயித்துக்கிழமை தேர்வு. முதல் பகுதி கொள்குறி வினா, ரெண்டாவது பகுதி எழுதற தேர்வு, அதைத் தாண்டினா நேர்காணல். தங்கச்சி போய் எழுதிட்டு வந்துச்சு.

கிடைக்கல. இங்கயே சொல்லிடறேன், கடைசியில ட்விஸ்ட் எதுவும் இல்ல. முதல் பகுதி நல்லாப் போச்சாம். "எழுதற பகுதியிலதான்ண்ணா மாட்டிக்கிட்டேன். என்ன எழுதணும்னு தெரியுது, அந்த மாதிரி இங்கிலீஷ்ல, அந்த மாதிரி வரிசையா எழுதி எனக்குப் பழக்கமே இல்ல"ன்னு சொல்லிச்சு.

"அப்ப தகுதி இல்லன்னுதானே அர்த்தம், இதுல என்ன அநியாயம்?"னு நீங்க கேக்கலாம். பின்னூட்டத்துல யாராவது கேக்கத்தான் போறீங்க, அதனால நானே கேட்டுக்கறேன். நியாயமான கேள்வி. நீதிபதிக்கு உதவி பண்ற ஆள் நல்லா எழுதத்தான் வேணும். உயர் நீதிமன்றத்துலயும் உச்ச நீதிமன்றத்துலயும் நடவடிக்கை மொழி ஆங்கிலம்தான். உயர் நீதிமன்றத்துல தமிழ் வேணும்னு 2006லயே நம்ம சட்டசபை தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கல. அது தனிப் பதிவுக்கான சண்டை. தேர்வை எளிசாக்குங்கன்னு நான் கேக்கல. ஆனா ஒரு மாசம் பயிற்சி எடுத்த பிள்ளையையும் அஞ்சு வருஷமா இதுக்குன்னே தயாரான பிள்ளையையும் ஒரே கோட்டுல நிறுத்தி, "ரெடி, ஸ்டார்ட்"னு சொல்லிட்டு, அதுக்கு 'தகுதி'ன்னு பேர் வைக்காதீங்கன்றேன். தேசிய சட்டப் பள்ளிகள்ல முதல் வருஷத்துலயே சீனியர் வந்து சொல்லிடுவாங்க: இன்ன மாசம் அறிவிப்பு வரும், இப்படி எழுதணும், இன்ன இன்ன தீர்ப்பு படி. எங்க தெருவுல அந்தத் தகவல் பொங்கல் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு வாட்ஸப்ல ஃபார்வர்டா வருது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம்.

உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, பாரிமுனையிலதான் அந்தக் காலத்துல இருந்து சட்டக் கல்லூரி இருந்துச்சு. 1891ல தொடங்கின கல்லூரி. எங்க ஏரியாவுல இருந்து ஒரு பஸ் பிடிச்சா பிராட்வே, இறங்கி ரோட்டைத் தாண்டினா கல்லூரி. காலையில வகுப்பு, மத்தியானம் சும்மா நடந்து போய் ஏதாவது ஒரு கோர்ட் ஹால்ல பின்வரிசையில உட்கார்ந்து வாதம் கேக்கலாம். வராண்டாவுல சீனியர் வக்கீல்கள் மொகம் பழகும். சாயங்காலம் யாராவது ஒருத்தர் ஆபீஸ்ல எடுபிடியா ஒட்டிக்கலாம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி பசங்க எத்தனையோ பேர் இப்படித்தான் வக்கீல் ஆனாங்க. வீட்ல சட்டம் தெரிஞ்சவங்க யாரும் இல்லாதவனுக்கு அந்த வராண்டாதான் மாமா, சித்தப்பா எல்லாம்.

2008 நவம்பர் 12ஆம் தேதி கல்லூரியில நடந்த மோதல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாணவர்கள் மாணவர்களை அடிச்சதை டிவியில திரும்பத் திரும்பப் போட்டாங்க. பின்னாடி சாதி இருந்துச்சு, போலீஸ் வேடிக்கை பார்த்துச்சுங்கிற பழியும் இருந்துச்சு. அதுக்கப்புறம் கல்லூரியை அங்க இருந்து எடுக்கணும்னு பேச்சு வந்து, 2018ல ரெண்டாப் பிரிச்சு ஒண்ணை புதுப்பாக்கத்துக்கும் இன்னொண்ணை திருவள்ளூர் தாண்டி பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டு போயிட்டாங்க. மாணவர்கள் போராடினாங்க, நிக்கல. புதுக் கட்டிடம், இட வசதின்னு நல்லது இல்லாம இல்ல. ஆனா வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல ரயில் ஏறி, திருவள்ளூர்ல இறங்கி, பஸ் மாறிப் போற பிள்ளை, மத்தியானம் எந்த வராண்டாவுல போய் நிக்கும்? ஒரு நாளோட கோபத்துக்கு, அதுல சம்பந்தமே இல்லாத பின்னாடி வந்த தலைமுறைங்க எல்லாம் அபராதம் கட்டிக்கிட்டு இருக்காங்க. கோர்ட்டுல என்ன நடக்குது, எந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கங்கிறதெல்லாம் நோட்டீஸ் படிச்சு வர்றதில்ல மக்களே, பக்கத்துல இருந்தா தானா காதுல விழும். அந்தக் காதைத்தான் எடுத்துட்டாங்க.

இது ஏன் இப்ப இவ்வளவு முக்கியம்? 2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத இனிமே குறைஞ்சது மூணு வருஷம் வக்கீலாத் தொழில் செஞ்சிருக்கணும். 2002ல இருந்து அந்த நிபந்தனை இல்ல, படிச்சு முடிச்ச கையோட எழுத முடிஞ்சுது. தங்கச்சியோட கனவே அதுதான். கோட்டு போட்ட வக்கீலம்மா இல்ல, மேல உட்கார்ற நீதிபதியம்மா. அந்த மாசம்தான் கடைசி செமஸ்டர் எழுதிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அந்த வீட்ல யாரும் சரியா சாப்பிடல.

தீர்ப்புல காரணம் இருக்கு. கோர்ட்டு வாசனையே இல்லாம நேரா நீதிபதியா உட்கார்றது கட்சிக்காரங்களுக்கு நல்லதில்லன்றாங்க. ஒத்துக்கறேன். புரொடக்‌ஷன் சர்வரைத் தொடாதவனைக் கொண்டு போய் நேரா லீட் ஆக்கினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும் :-) ஆனா அந்த மூணு வருஷம் சோறு யார் போடறது? ஜூனியர் வக்கீலுக்கு மாசம் என்ன கிடைக்கும்னு தெரியுமா? 2024 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில குறைஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000 கொடுக்கணும்னு சொல்லிச்சு. உத்தரவு போட வேண்டிய நிலைமை இருந்துச்சுங்கிறதுலயே பதில் இருக்கு. தங்கச்சி இப்ப ஒரு சீனியர் கிட்ட போகுது. கிடைக்கிறது 6,000. பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் போக மிச்சம் ஒண்ணும் இல்ல. சீனியர் கெட்டவர் இல்ல, அவருக்கே வரும்படி அவ்வளவுதான்.

இங்கதான் அந்தத் தீர்ப்புல ஒரு சின்ன வரி முக்கியமாகுது. நீதிபதிகள் கிட்ட சட்ட உதவியாளரா இருந்த காலத்தையும் அந்த மூணு வருஷத்துல சேர்த்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. புரியுதா? அப்பன் காசுல மூணு வருஷம் ஓட்ட முடியாத பிள்ளைக்கு, சம்பளத்தோட அந்த வருஷங்களைக் கடக்க இருக்கிற ரொம்பக் கொஞ்ச வழிகள்ல இது ஒண்ணு. டெல்லியில 2025 அறிவிப்புல 80,000. நம்ம சென்னை உயர் நீதிமன்றமும் ஆய்வு உதவியாளர் எடுக்குது, 2025 அறிவிப்புல 28 இடம், மாசம் 30,000. எண்ணிக்கை கொஞ்சம்தான். ஆனா யாருக்கு இது உண்மையிலேயே தேவையோ, அவங்களுக்குத்தான் இது இருக்கிறதே தெரியாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது பயோடேட்டாவுல ஒரு வரி. எங்க பிளாக் பிள்ளைக்கு இது தொழில்ல நிக்கறதா, விட்டுட்டு ஏதாவது கம்பெனியில டேட்டா என்ட்ரிக்குப் போறதாங்கிற கேள்வி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல் அண்ணன் கிட்ட இதைச் சொன்னப்ப அவர் ஒத்துக்கல. "இன்னாடா, வழக்கு நடத்தக் கத்துக்கணும்னா குறுக்கு விசாரணை பண்ணணும், கட்சிக்காரன் கிட்ட திட்டு வாங்கணும். ஏசி ரூம்ல உட்கார்ந்து சுருக்கம் எழுதினா வக்கீல் ஆயிட முடியுமா?"ன்னார். அவர் சொல்றதுல உண்மை இருக்கு. ஒரு வருஷம் அங்க, ரெண்டு வருஷம் இங்கன்னு இருந்தா ரெண்டும் கிடைக்கும்கிறது என் கருத்து. எல்லாரும் போங்கன்னு சொல்லல. வேணாம்னு முடிவு பண்றதுக்காவது முதல்ல தெரிஞ்சிருக்கணும் இல்லியா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல.

இந்த அறிவிப்புகள் வரும்போது தமிழ்லயும் ஒரு பக்கம் போடுங்க. வேலை ஆங்கிலத்துல இருக்கட்டும், சேதி தமிழ்ல வரட்டும். அப்பனும் ஆத்தாளும் படிச்சாதான் டெல்லிக்கு அனுப்பலாமான்னு யோசிப்பாங்க. எல்லா அரசு சட்டக் கல்லூரிக்கும் தபால்லயோ மெயில்லயோ அனுப்பி, வகுப்புல வாசிக்கச் சொல்லுங்க. கடைசி வருஷத்துல வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வழக்குக் கட்டைக் கொடுத்து ரெண்டு பக்கத்துல சுருக்கி எழுதப் பழக்குங்க. உதவியாளர் வேலை கிடைக்காட்டியும் அந்தப் பழக்கம் வக்கீலுக்கு வீண் போகாது. ஊருக்கு வெளியில இருக்கிற கல்லூரிப் பிள்ளைங்களை மாசம் ரெண்டு நாளாவது உயர் நீதிமன்றத்துக்குக் கூட்டிட்டு வந்து உட்கார வைங்க. வராண்டாவைத் திருப்பித் தர முடியலன்னாலும் பஸ் டிக்கெட்டாவது கொடுங்க.

கதவு மூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தகவல் வந்தா அதுக்குப் பேர் வாய்ப்பு இல்ல, வேடிக்கை. செலவே இல்லாம இதைச் சரி பண்ணலாம்கிறதுதான் எரிச்சலே.

தங்கச்சி விடல. வயசு வரம்பு 32 வரைக்கும் இருக்கே. சாயங்காலம் சீனியர் ஆபீஸ்ல இருந்து வந்து, தினம் ஒரு தீர்ப்பை ஒரு பக்கத்துல சுருக்கி எழுதி எனக்கு மெயில் அனுப்புது. எனக்குச் சட்டம் தெரியாது. "இந்தப் பத்தி புரியல"ன்னு மட்டும் பதில் போடுவேன். சட்டம் தெரியாதவனுக்கே புரியற மாதிரி எழுதினா நீதிபதிக்குப் புரியாமப் போகுமா? போன வாரம் ஒரு சுருக்கம் வந்துச்சு. ஒரு இடத்துலகூட நான் கேள்வி கேக்க வேண்டி வரல. அவங்க அப்பா லாரியைப் போட்டுட்டு வந்து, படியில நின்னு கேட்டாரு.

"தம்பி, டெல்லியில லேடீஸ் ஆஸ்டல் எல்லாம் சேஃப்டியா இருக்குமா?"

விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

பி.கு. 1: டெல்லியில இருக்கிற பதிவர்கள் யாராவது நல்ல பெண்கள் விடுதி தெரிஞ்சா தனி மடல்ல சொல்லுங்க. சீரியஸாத்தான் கேக்கறேன்.

பி.கு. 2: உச்ச நீதிமன்ற அறிவிப்பு 2024ல ஜனவரி 25, 2025ல ஜனவரி 14. ஆக, பொங்கல் கரும்பு கடிக்கும்போது ஒரு கண்ணை நீதிமன்றத் தளத்துல வைங்க. உங்க தெருவுல சட்டம் படிக்கிற பிள்ளை இருந்தா, இன்னிக்கே போய்ச் சொல்லுங்க. ஓட்டு, பின்னூட்டம் எல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்.